உச்சி வெயிலில் போன பெட்டி

"ஓடிப்போறவ பட்டப்பகல்ல, நீ கொழாயாண்ட கொடத்தோட நிக்கும்போதா போவா, சரசு? போய் வேற வேலயப் பாரு."

எதிர்வீட்டுச் சரசுவிடம் இதைச் சொல்லியாகிவிட்டது. அவள் கேட்கிறவளாக இல்லை. என் மகன் வயிற்றுப் பேத்தி கவிநிலா கீழ்பென்னாத்தூர் பையனோடு போய்விட்டாள் என்று தேரடி வரைக்கும் பரப்பிவிட்டாள். அவள் போனது உண்மை. அந்தப் பையனின் அம்மாவோடு தங்கியிருப்பதும் உண்மை. ஏன் போனாள் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

பையன் பெயர் சிவகணேஷ், இவளோடு படித்தவன். பைக்கில் விழுந்ததில் விரல்கள் மடங்காமல் போயின. அவனுக்காகப் பெரிய பெரிய பித்தான் வைத்த பெட்டி ஒன்றை இவள் முன்பே செய்து கொடுத்திருந்தாள். உள்ளங்கையால் அமுக்கினால் கம்ப்யூட்டரில் எழுத்து விழும். அது எரிந்துபோன சமயத்தில்தான் அவனுக்கு வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் வேலை இல்லை.

பழைய பெட்டிக்குள் இருந்த சிப் இப்போது கடைக்கு வருவதில்லை. புதுசு விலை கம்மி, வேகம் ஜாஸ்தி. ஆனால் யுஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரோடு பேசுகிற பாகம் அதற்குள்ளும் கிடையாது. அந்தப் பேச்சை ப்ரோகிராமாக எழுதி இவள்தான் பழக்க வேண்டும்.

"வேகமா இருந்தா நல்லதுதானேடி?"

"இல்ல ஆயா. கம்ப்யூட்டர் ஒரே தாளத்துல பேசும். பழைய சிப்புக்கு அந்தத் தாளத்த எண்ணி எண்ணி எழுதியிருந்தேன். இது சட்டுனு எண்ணி முடிச்சிட்டு முன்னால ஓடிடுது. எடத்துக்கு எடம் நிக்க வெக்கணும்."

பௌர்ணமிக்கு மலை சுற்றும்போது என் பேரன்கள் இப்படித்தான் முன்னால் ஓடுவார்கள்.

நிற்க வைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் சரசுவும் பார்க்க எழுத்து விழுந்தது. அன்றே கொடுத்தனுப்பினாள். மத்தியானம் சிவகணேஷ் போன் செய்தான்: அவன் கம்ப்யூட்டர் இந்தப் பெட்டியைத் தெரியவே தெரியாது என்கிறதாம். திரும்பி வந்த பெட்டி மறுநாள் காலையில் இங்கே வேலை செய்தது. மத்தியானம் மாடி ரூமில் மறுபடி மாட்டிப் பார்த்தால் செத்துப்போயிற்று.

"யாரோ செய்வின வெச்சிட்டாங்க," என்றாள் சரசு.

"வெச்சது நீயா?" என்று கேட்டேன்.

கவிநிலா சிரிக்கவில்லை. மாடி ரூமின் தகர ஷீட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திரை மத்தியானத்தில் இந்த ஊரில் ஷீட்டுக்குக் கீழே யார் உட்காருவார்கள்? அவளும் வெயில் ஏறுவதற்குள் கீழே வந்து படுத்துவிடுவாள். அன்றுவரை செய்து பார்த்ததெல்லாம் காலையில்தான். சிவகணேஷ் வீட்டுக்கும் ஷீட்டுதான்.

"சிப்புக்குள்ள இருக்கற கடியாரம் சூட்டுல தப்பா ஓடுது ஆயா. நான் குளுமையிலயே பாத்து ஏமாந்துட்டேன்."

கம்ப்யூட்டர் விடாமல் ஒரே சீராக ஒரு தட்டுத் தட்டுமாம். அதைக் கேட்டு சிப் தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்ளும்படி மாற்றி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஷீட்டுக்குக் கீழேயே உட்கார்ந்தாள். நான் மோர் கொண்டுபோனபோது முகமெல்லாம் வேர்வை. லேப்டாப்பில் எழுத்து விழுந்துகொண்டிருந்தது.

உடனே பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"உச்சி வெயில்ல எங்கடி போற? சாயந்திரமாப் போயேன்."

"சாயந்திரம்னா மொதல்ல எழுதின ப்ரோகிராமே வேல செஞ்சிருக்கும். இந்த வெயில்லயே அவன் வீட்லயும் பாத்துட்டாதான் நாளைக்கி நம்பிக் குடுக்க முடியும். ராத்திரி அவன் அம்மாவோட தங்கிட்டு, அவன் வேலைக்கிக் கெளம்பினதும் வரேன்."

செருப்பை மாட்டினாள். குழாயடியில் குடத்தோடு நின்ற சரசுவிடம், "கீழ்பென்னாத்தூர் பஸ் போயிடுச்சா அத்தை?" என்று கேட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டினாள்.