கறையப் பார்த்து வாங்குன சமையல் புத்தகம்

அதான் தங்கச்சி, எங்க வாசல்ல வந்து நிக்குற அந்தக் கறுப்புக் காடி வேற யாரோடதும் இல்ல, எங்க சம்பந்தியம்மாவோடது. என் மருமகளப் பெத்தவங்க. இந்த மாசத்துல மூணு ஞாயித்துக்கெழம வந்துட்டாங்க. நீயும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எண்ணிக்கிட்டுதானே இருந்த, சிரிக்காத! கல்யாணமாகி ரெண்டு வருஷம் நம்ம குனோங் ராபாட் பக்கமே எட்டிப் பார்க்காதவங்க எப்படி வந்தாங்கன்னுதானே கேக்குற? எல்லாம் ஒரு பழைய சமையல் புத்தகத்தால வந்தது லா.

எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. பள்ளிக்கூடம் போற வயசுல ரப்பர் எஸ்டேட்ல அம்மாகூட பால்மரம் வெட்டப் போயிட்டேன். ஆனா சமையல் புத்தகம்னா எனக்கு உசுரு. ஞாயித்துக்கெழம ஈப்போ டவுன்ல பழைய சாமான் சந்தை போடுவாங்கல்ல, அங்க ஒரு சீனக் கெழவர் பாயில புத்தகத்தக் கொட்டி வச்சிருப்பாரு. முந்தி என்னைக் கிண்டல் பண்ணுவாரு, "ஆண்ட்டி, படிக்கத் தெரியாது, ஆனா வாங்குறீங்களே"ன்னு மலாய்ல. நான் சொன்னேன், "தௌக்கே, நீங்க படிச்சுட்டு விக்கிறீங்களா என்ன?" அதுலேருந்து சமையல் புத்தகம் வந்தா எனக்குன்னு எடுத்து வைக்கிறாரு.

நான் எப்படி வாங்குறேன்னு கேளு. கறையப் பார்ப்பேன். புத்தகத்த லேசா வளைச்சு விட்டா, அடிக்கடி தொறந்த பக்கம் தானா விரிஞ்சுக்கும். அதுல மஞ்சக் கறை, எண்ணெய்க் கறை, தேங்காப்பால் காஞ்ச திட்டு இருந்துச்சுன்னா, அந்தச் சாப்பாட்ட ஒரு வீட்டுல திரும்பத் திரும்ப ஆக்கியிருக்காங்க. நல்லா இல்லாததையா ரெண்டாவது தடவ ஆக்குவாங்க? அப்பறம் மோந்து பார்ப்பேன். சீரக வாசம் வந்தா வீட்டுக்குக் கொண்டாந்துருவேன். ராத்திரி மருமக வேலைவிட்டு வந்ததும் அந்த ஒரு பக்கத்த மட்டும் படிச்சுச் சொல்லணும். எனக்கு ஒரு தடவ கேட்டா போதும்.

புதுசும் வாங்குவேன், இல்லேன்னு சொல்லல. புத்தகக் கடையில ஒரு தடவ அன்னாசிப்பழ கேக் படத்தப் பார்த்து மயங்கி ஒண்ணு வாங்கிட்டேன். அதுல ஒரு பக்கத்துலகூட ஒரு பொட்டுக் கறை கெடையாது, எத நம்பி ஆக்குறது? நானே ஒரு சொட்டு சாம்பார் விட்டு வச்சேன். எம் மகன் தலையில அடிச்சுக்கிட்டான்.

சரி, விஷயத்துக்கு வாரேன். சம்பந்தி வீடு செட்டிநாட்டு வகை, வியாபாரக் குடும்பம். நாங்க எஸ்டேட் ஆளுங்க. கல்யாணத்தப்பவே அந்தம்மா, "எம் பொண்ணு அடுப்படி பக்கம் போனதே இல்ல, அங்க போயி என்ன பாடுபடப் போறாளோ"ன்னு சொல்லிட்டாங்க. அது மருமக மனசுல முள்ளா நின்னுபோச்சு. போன மாசம் திடீர்னு போன், அம்மா சாப்பிட வாராங்கன்னு. மருமக என்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டா:

"அத்தே, நானே ஆக்குறேன். நீங்க கிச்சனுக்கே வரக்கூடாது. வந்தீங்க, நீங்க ஆக்குனதுன்னுதான் அம்மா சொல்லுவாங்க."

"சரிம்மா, நான் எதுக்கு வாரேன்? பக்கம் மட்டும் எடுத்துத் தரட்டா?"

என்கிட்ட இருக்குறதுலயே அழுக்கான பக்கத்த எடுத்துக் குடுத்தேன். பழைய மலாய்ப் புத்தகம், ஆட்டுக்கறிக் குழம்பு. குடுத்துட்டு கோயிலுக்குப் போயிட்டேன். சாமிகிட்ட எனக்குன்னு ஒண்ணும் கேக்கல, குழம்பு நல்லா வரணும்னுதான் கேட்டேன்.

திரும்பி வந்து வாசல் கேட்டத் தொறக்குறேன், அடுக்கடுக்கா தும்மல்! உள்ள மருமக மூக்கு செவந்து நிக்கிறா. சட்டி ரத்தச் செவப்பா கொதிக்குது.

"எவ்வளவு மொளகாத்தூள்டி போட்ட?"

"புத்தகத்துல ரெண்டு தாயில்னு இருந்துச்சு அத்தே. ஒரு தாயில்னா நூறு கிராம்னு நெனச்சு இருநூறு போட்டேன்."

அடக் கடவுளே! தாயில் அந்தக் காலத்து எடை. ஒரு தாயில் நாப்பது கிராம்கூட வராது. எங்களுக்கெல்லாம் எஸ்டேட் கடையில அப்படித்தான் நிறுத்துக் குடுப்பாங்க. இவ கிலோ காலத்துப் புள்ள, பாவம். வீட்டுல இருந்த தேங்காப்பால் அத்தனையும் ஊத்தி, உருளக்கெழங்க வெட்டிப் போடுறோம், வாசல்ல காடி வந்து நிக்குது.

அந்தம்மா ஒரு வாய் வச்சாங்க. கண்ணுல தண்ணி. ரெண்டாவது வாய், மூக்குல தண்ணி. மருமக டம்ளர்ல தண்ணி ஊத்தி ஊத்தி நீட்டுறா. எனக்குப் பொறுக்கல, "நான்தான் சம்பந்தி ஆக்குனேன், கை தவறிப்போச்சு"ன்னு சொல்லிட்டேன்.

"இல்லம்மா, அத்தே பொய் சொல்றாங்க. நான்தான் ஆக்குனேன். புத்தகத்துல ரெண்டு தாயில்னு இருந்துச்சு, இருநூறு கிராம் போட்டேன்"னு அவ உடைச்சுட்டா.

"எங்க, அந்தப் புத்தகத்தக் கொண்டா."

படிச்சாங்க பாரு. படிச்சுட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாங்க! "ஏண்டி, தாயில் தெரியாதா? பாகான் செராய்ல உங்க தாத்தா கடையில தராசுத் தட்டுல நானே நிறுத்திருக்கேன். பதினாறு தாயில் ஒரு காத்தி!"

"அப்படிச் சொல்லுங்க சம்பந்தி, நானும் அந்தக் கணக்குலதான் வளர்ந்தவ"ன்னு நானும் சேர்ந்துக்கிட்டேன். அப்பறம் ரெண்டு பேரும் அவளக் கேலி பண்ணியே சோத்தக் காலி பண்ணோம். தண்ணி மட்டும் மூணு ஜக்கு. கெளம்பறப்ப மககிட்ட, "கறி பதமா வெந்திருந்துச்சு. அது எல்லாருக்கும் வராது"ன்னாங்க. அவ மொகத்த நீ பார்த்திருக்கணும் தங்கச்சி! பாத்திரம் கழுவுற வரைக்கும் பாட்டுதான்.

புத்தகத்த மட்டும் கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, படிச்சுட்டுத் தாரேன்னு. அதுலேருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வாராங்க, "அடடா, மறந்துட்டேனே"ன்னு வெறுங்கையோட உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறாங்க. நேத்து மருமக கேக்குறா, "அத்தே, உங்க புத்தகமாச்சே, நான் வேணா கேட்டு வாங்கட்டா?"

"வாயத் தொறக்காதடி! மறந்தவங்க மறந்தவங்களாவே இருக்கட்டும்"னு அதட்டி வச்சிருக்கேன்.

நீயும் அவங்கள எங்கயாச்சும் பார்த்தா புத்தகப் பேச்ச எடுத்துராத, சொல்லிட்டேன்... ஏ, மழ தூறுது பாரு, மெத்த விரிப்பு பூரா கொடியில கெடக்கு! நான் ஓடுறேன், நீயும் உன் துணிய எடு, எடு!