விளக்கெண்ணெய் குடித்த பெல்ட்

சித்தியின் மொபெட்டுக்குக் கிளட்ச் கிடையாது, கியரும் கிடையாது. அதற்காகவேதான் அவள் அதை வாங்கினாள். சிறு வயதில் உடைந்த அவளுடைய இடது மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது. பிறந்த குழந்தையின் தலையைத் தாங்க அந்தக் கை போதும். ஸ்கூட்டரின் கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கியரைத் திருப்ப மட்டும் அதற்கு வராது. சித்தி ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் மிட்வைஃப். அங்கே வேலை பார்த்த வெளிநாட்டு டாக்டரம்மா ஊருக்குத் திரும்பும்போது தன் வண்டியை அவளுக்கு விற்றுவிட்டுப் போனாள். பெங்களூரில் அதைப்போல் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. உதிரி பாகங்களும் எந்தக் கடையிலும் கிடைக்காது.

கியருக்குப் பதிலாக அதில் ஒரு ரப்பர் பெல்ட்டும் இரண்டு புல்லிகளும் இருந்தன. பின்பக்கத்துப் புல்லி சாதாரணமானது. எஞ்சின் பக்கத்துப் புல்லிதான் விசேஷம். இரண்டு தட்டுகளை எதிரெதிராக வைத்தது போல் அது இரண்டு பாதிகளால் ஆனது. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகள் வெளிப்பக்கம் ஓடி, ஒரு பாதியை மற்றதை நோக்கித் தள்ளும். நடுவில் இருக்கும் பெல்ட் நெருக்கப்பட்டு விளிம்புக்கு ஏறும், வண்டி வேகமெடுக்கும். ஏற்றத்தில் எஞ்சின் தளர்ந்தால் குண்டுகள் உள்ளே திரும்பும், பாதிகள் விலகும், பெல்ட் நடுவுக்கு இறங்கும். வேகம் குறைந்து இழுவை கூடும். எஞ்சினே ஒரு அச்சில் ஊஞ்சல் போல் தொங்கும். பெல்ட் தளராதபடி ஒரு ஸ்பிரிங் அதை முன்னால் இழுத்துக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, ஒரு தொழிற்சாலையின் டிராயிங் செக்‌ஷனில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். என் மேஜைக்கு வந்த எந்த வரைபடத்தையும்விட இந்தப் புல்லி எனக்கு அழகாகத் தெரிந்தது.

என் பெற்றோர் கோலார் தங்கவயலில் இருந்தார்கள். நான் மல்லேஸ்வரத்தில் மாமா வீட்டில் தங்கி வேலைக்குப் போனேன். மாமா அம்மாவுக்கு அண்ணன், சித்தி அம்மாவுக்குத் தங்கை. சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளும் அங்கேதான் இருந்தாள்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் அவுட்டோர் டியூட்டி என்று புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். பிரசவமாகி வீட்டுக்குப் போனவர்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்க்கும் வேலை. வார்டில் வருஷக்கணக்காக மற்றவர்கள் சொன்னதைச் செய்துகொண்டிருந்த சித்திக்கு அது உயிராக இருந்தது. சொந்த வண்டி இருப்பவர்களுக்குத்தான் கொடுப்போம் என்று மேட்ரன் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை வண்டியோடு வந்து நிற்க வேண்டும்.

வண்டியோ அதற்கு முந்தைய வாரமே படுத்துவிட்டது. மல்லேஸ்வரத்திலிருந்து குட்டஹள்ளிக்கு இறங்கிப் போய்விடும். திரும்பி வரும்போது ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் அலறும், சக்கரம் நகராது. சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வருவாள். சம்பிகே ரோடு முனையில் இருந்த மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்றான். மாமா அதையே பிடித்துக்கொண்டார். தன்னோடு மில்லில் வேலை செய்யும் ஸ்டோர்காரர் ஒருவருக்கு வண்டியைத் தள்ளிவிடலாம் என்று பேசியும் முடித்துவிட்டார். ஸ்டோர்காரர் வீட்டுப் பக்கம் எல்லாம் சமதரை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"எஞ்சின்ல தம் இல்ல, கண்ணு. பொம்பளை ஊரெல்லாம் சுத்துறதுக்கு இது ஆகாது. வார்டுல நெழல்ல ஒக்காந்து வேலை பாக்கட்டும்," என்றார் மாமா.

"நெழல்ல ஒக்காந்தா யாருக்கும் புள்ளை பொறக்கறதில்ல, அண்ணா," என்றாள் சித்தி.

ஞாயிறு காலை வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். எனக்கு ஒரு பழக்கம்: எதைத் தொடுவதற்கு முன்னும் தெரிந்தவற்றை வரிசையாக எழுதிவிடுவேன். கையில் சுண்ணக்கட்டி இருந்தது, காலடியில் கல்தரை இருந்தது. சமதரையில் ஓடுகிறது. ஏற்றத்தில் எஞ்சின் அலறுகிறது. அலறும்போது வண்டி நகரவில்லை. ரப்பர் வாசனை வருகிறது. நான்கையும் எழுதியதும் சந்தேகம் போய்விட்டது.

"தம் இல்லாத எஞ்சின் இவ்வளவு கத்துமா, மாமா? முக்கும், திணறும், நின்னுபோகும். இது கத்துது. எஞ்சின் சுத்துறது சக்கரத்துக்குப் போய்ச் சேரல. நடுவுல வழுக்குது."

மூடியைக் கழற்றினேன். பெல்ட் பளபளவென்று மின்னியது. தொட்ட விரலை முகர்ந்து பார்த்தேன்.

"மாமா, இதுக்கு விளக்கெண்ணெய் போட்டீங்களா?"

"போடாம?" மாமாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "ஆயுத பூஜைக்குப் பொட்டு மட்டும் வெச்சுட்டு விட்டுடுவேனா? நல்லா நனைய நனைய ஊத்தினேன்."

மாமா மில்லில் மேஸ்திரி. அங்கே கூரைக்குக் கீழே ஓடும் நீளமான தண்டிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் தோல் பெல்ட் இறங்கும். ஆயுத பூஜையன்று மெஷின்களை நிறுத்தி, துடைத்து, அந்தத் தோல் பெல்ட்டுகளுக்கு விளக்கெண்ணெய் ஊட்டுவார்கள். தோல் மெத்தென்று ஆகி இரும்பை நன்றாகப் பிடிக்கும். அது சரியான வேலைதான். பூஜை முடிந்து வீட்டுக்கு வந்தவர் தையல் மெஷினுக்கும் கிணற்று ராட்டினத்துக்கும் காட்டிய அதே அன்பைச் சித்தியின் வண்டிக்கும் காட்டியிருக்கிறார்.

"இது தோல் இல்ல மாமா, ரப்பர்."

"ரப்பர்னா காஞ்சுபோகாதா?"

"காயட்டும். காஞ்சு கெடந்தாதான் இது பிடிக்கும்."

சித்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்குள்ள என் வண்டிக்கு எண்ணெ தேச்சு விட்டுட்டியா? அப்படியே சீயக்காயும் போட்டு முழுக வெச்சிருக்கலாம்."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்கு அது உருப்படியான யோசனையாகப் பட்டது. பெட்ரோல் ரப்பரைக் கெடுக்கும். துணி சோப்பு சரியாக அலசாவிட்டால் வழுவழுப்பு மிஞ்சும். சீயக்காய் எண்ணெயை எடுத்துவிட்டுத் தானும் போய்விடும். "தலைக்குத் தேய்க்கிறதுடி அது," என்று சொல்லிக்கொண்டே அத்தை சமையலறையிலிருந்து ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாள். பெல்ட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசி நிழலில் உலர்த்தினேன். அது காய்வதற்குள் புல்லிகளில் பெல்ட் உரசும் பக்கங்களைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன்.

பெல்ட்டை மாட்டிக் கொடுத்ததும் சித்தி வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஏற்றத்தின் அடியில் போய்த் திரும்பி ஏறத் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். நானும் மாமாவும் இறங்கிப் போனோம்.

"இப்ப என்னா சொல்றே, எஞ்சினீயரம்மா?" மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டார். "கத்தக்கூட இல்ல. முக்குச்சு, திணறுச்சு, நின்னுபோச்சு. நீ சொன்ன மாதிரியேதான்."

அது உண்மை. வழுக்கல் போய்விட்டது. ஆனால் காலையில் நானே சொன்ன அடையாளங்கள் இப்போது எனக்கு எதிராக நின்றன. வீடு வந்து சேர்ந்தோம். முற்றத்தில் முதல் வரிசையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். சமதரையில் முன்னைவிட நன்றாக ஓடுகிறது. கிளம்பும்போது பெடல் மிதித்து உதவ வேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் திணறுகிறது. எஞ்சின் நோஞ்சானாக இருந்தால் சமதரையில் அந்த வேகம் வராது. கியர் வண்டியை எப்போதும் கடைசி கியரிலேயே ஓட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது இது. பெல்ட் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறதா? ஓடும் வண்டியின் புல்லிக்குள் எட்டிப் பார்க்க முடியாது.

கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பார்த்தேன். எஞ்சின் புல்லியின் உள்முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு வெள்ளைக் கோடு இழுத்தேன். பெல்ட் எங்கெல்லாம் உரசுகிறதோ அங்கெல்லாம் கோடு அழியும். சித்தி மறுபடி ஏற்றத்துக்குப் போய், நின்று, தள்ளிக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்தேன். விளிம்போரம் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு அழிந்திருந்தது. அதற்குக் கீழே நான் போட்டபடியே வெள்ளையாக இருந்தது. பெல்ட் இறங்கவே இல்லை.

காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: எஞ்சின் ஆடாமல் இறுகியிருக்க வேண்டும், அல்லது குண்டுகள் சிக்கியிருக்க வேண்டும். எஞ்சினைக் கையால் பிடித்து ஆட்டினேன், தடையில்லாமல் ஊஞ்சலாடியது. அப்படியானால் குண்டுகள். பெல்ட்டை எடுத்துவிட்டு நகரும் பாதியை இழுத்துப் பார்த்தேன். தானாகவே விலக வேண்டிய அது ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"உள்ளே திறக்கணும், சித்தி. ஒரு கிளிப் இருக்கு. அதை எடுக்கும்போது ஏதாவது உடைஞ்சா இந்த ஊர்ல வேற கிடைக்காது."

"வேணாம்மா," என்றார் மாமா. "சாயந்திரம் ஆள் வருது. இருக்கிற மாதிரியே குடுத்துடலாம்."

சித்தி என்னைத்தான் பார்த்தாள். "உடைஞ்சா வண்டி இல்ல. அவ்வளவுதானே? இப்ப மட்டும் இருக்கா? திற."

ஆஸ்பத்திரியிலிருந்து பழசென்று கழித்த எனாமல் தட்டு ஒன்றும் இடுக்கி ஒன்றும் அவளிடம் இருந்தன. வெள்ளைத் துணி விரித்துத் தட்டை வைத்தாள். நான் கேட்பதற்கு முன்பே அடுத்த கருவி என் உள்ளங்கைக்கு வந்தது. கிளிப் வளைந்துகொடுக்காமல் பிடிவாதம் பிடித்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"மூச்சு விடுடி. முக்க வேண்டியது நீ இல்ல, அது," என்றாள்.

சிரித்ததில் கை இளகியது. கிளிப் முழுதாகக் கழன்றது. பாதியைத் தூக்கினால், குண்டுகள் தங்கள் பள்ளங்களில் வெளிப்பக்கமாக ஒதுங்கி, பலாப்பிசினில் சிக்கிய ஈக்கள் போல் ஒட்டிக்கிடந்தன. சித்தி இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள். மாமா குனிந்து ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டப் பார்த்தார். அது உருளவில்லை.

"விளக்கெண்ணெயேதான்," என்றார். "மில்லுல ஒரு நாளும் இப்படிப் பிசினானதில்லையே."

"அங்க பெல்ட்டு மேல காத்தாட இருக்கு, மாமா. இங்க மூடிக்குள்ள எஞ்சின் பக்கத்துல வெந்துபோச்சு. கூடவே புழுதி."

"அப்ப தப்பு என் மேலதான்?"

"எண்ணெய் மேல."

மாமா எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். சமையலறையிலிருந்து சீமெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குண்டுகளைத் தானே கழுவ ஆரம்பித்தார். மேஸ்திரியின் கை; ஒரு குண்டும் தரையில் உருளவில்லை.

பள்ளங்களுக்கு இனி எண்ணெய் கூடாது, காய்ந்தும் விடக்கூடாது. டிராயிங் செக்‌ஷனில் என் பங்காக வந்த மெத்தென்ற பென்சில்களின் கரியைப் பிளேடால் சுரண்டிப் பொடியாக்கித் தடவினேன். குண்டுகள் சத்தமில்லாமல் ஓடின. பூட்டிய பிறகு ஸ்பிரிங் பாக்கி. அலசிக் காய்ந்த பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அதிகமாக அமுங்கியது. ஸ்பிரிங்கை இழுக்கும் திருகாணியை முடுக்கினேன். ஆனால் ஆர்வக்கோளாறில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. எஞ்சினைக் கிளப்பி வைத்தால் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி முன்னால் ஊர்ந்தது. "என்னை விட்டுட்டே கிளம்புதே," என்றாள் சித்தி. அரைத் திருகு தளர்த்தினேன். வண்டி நின்ற இடத்தில் நின்றது, பெல்ட் விரலுக்கு அளவாக அமுங்கியது.

இதற்குள் ஸ்டோர்காரர் வந்துவிட்டார். அத்தை காபி கொடுத்து உட்காரவைத்தாள். சித்தி வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நானும் மாமாவும் ஏற்றத்தின் தலைப்பில் போய் நின்றோம்.

வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அவளைப் பார்க்க முடியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. சமதரையில் ஓடும்போது ஒரே சீராக வந்த சத்தம், ஏற்றம் தொடங்கிய இடத்தில் ஒரு கணம் தடித்தது. மாமா என் கையைப் பிடித்தார். பிறகு சத்தம் மெல்லியதாகி மேலே ஏறியது. வண்டியின் வேகம் குறையும்போதே எஞ்சின் தன் மூச்சைத் திரும்பப் பிடித்துக்கொண்ட சத்தம் அது.

"இப்பதான் பெல்ட்டு எறங்குது, மாமா. கியர் மாத்துது."

"யாரு மாத்துறா?"

"யாருமில்ல. அதுவே."

சித்தி வளைவைத் தாண்டி வந்தாள். நடக்கிறவரைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஆனால் கால்கள் இரண்டும் பெடலில் அசையாமல் இருந்தன. முந்தானை சரியாக இடுப்பில் இருந்தது. எங்கள் முன்னால் நிற்காமல் கடந்து போனாள்.

"ஏய், நில்லு!" என்றார் மாமா.

"எதுக்கு நிக்கணும்?" என்று திரும்பிப் பார்க்காமலே கத்திவிட்டுச் சம்பிகே ரோடு பக்கம் போய்விட்டாள்.

வீட்டில் ஸ்டோர்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "என்னா மேஸ்திரி, வண்டி எங்கே? பாக்கலாமா?"

"மன்னிச்சுக்கப்பா, விக்கிறதா இல்ல," என்றார் மாமா. "நாளைக்குக் காலைல அதுக்கு டியூட்டி இருக்கு."

திங்கட்கிழமை மேட்ரன் வாசலுக்கு வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாராம். ஏற்றம் ஏறுமா என்று மட்டும் கேட்டாராம். ஏறும் என்று சித்தி சொன்னதும், குட்டஹள்ளி மேட்டை ஒட்டிய சந்துகள் எல்லாவற்றையும் அவளுக்கே கொடுத்துவிட்டார். அந்த வீடுகளை வேறு யாரும் கேட்கவில்லையாம்.