பரோலுக்கு ஓர் ஆட்சேபம்

சிறைத்துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் மனு எழுத வந்தார், திருவேற்காட்டில் இட்லிக்கடை நடத்திய அந்த அம்மாள். மூன்றாம் முறையாகக் கத்திக்குத்து வழக்கில் உள்ளே போன மருமகனுக்குப் பரோல் தரக்கூடாதாம். அவன் கொடுத்த தழும்பு கன்னத்தில் நீண்டிருந்தது. ஆட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலைப் பார்த்தார்.

முகவரி கேட்டேன்.

"அத்தப் போட்டா புது ஊடு எங்க கீதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிடாதா சார்?"

"போடலைன்னா மொட்டைக் கடுதாசின்னு தூக்கிப் போட்டுடுவாங்கம்மா." ஒளிந்திருப்பவர் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொன்னால்தான் அரசாங்கம் அவருடைய பயத்தை நம்பும்.

"என் முகவரியைப் போடட்டுமா?"

"அவன் இங்க வந்தா நீ இன்னா சார் பண்ணுவே? ஒல்லிக்குச்சி மாதிரி கீறே!" சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கி, தன் வீட்டு எண்ணைத் தானே எழுதினார்.

விதிப்படி குறையில்லாத மனு. அதை அனுப்பச் சொன்னது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.