ஜீப்பு ஏறுமுன் ஒரு செம்பு

ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பு, சாயந்தரம் ஐந்து மணிக்கு முன்னால் எங்கள் தெருவுக்குத் திரும்பியதே இல்லை. போன வெள்ளிக்கிழமை முற்பகலிலேயே திரும்பி வந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் என் கடைவாசலுக்கு வந்து, "கங்காணியக்கா போயிட்டாக அண்ணே. மலைமெட்டு ஏறையிலேயே நெஞ்சடைச்சுப் போச்சு" என்றார். வீட்டுச் சாவி பக்கத்து ஊர் சிலமலைக்கு வேலைக்குப் போயிருந்த அவர் மகனிடம் இருந்தது. அவன் வந்து சேரும்வரை பேச்சியம்மாளை என் கடைக்கு எதிரில் நிற்கும் புங்கமரத்தடியில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். உச்சி வெயில் நேரம். அவர் முகத்தில் ஒரு பொட்டு வெயில் விழவில்லை.

அந்த நிழல் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தும் தெரியாததுபோல இரண்டு நாளாகத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்காகவும்தான். அஞ்சலி எழுதுகிறவன் குரலைத் தாழ்த்த வேண்டுமாம். எனக்குத் தாழ மாட்டேன் என்கிறது.

எழுபதுகளின் நடுவில் எங்கள் தெருவில் பன்னிரண்டு கன்றுகள் நட்டார்கள். மேளம், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. நட்டவர்கள் ஏறிய கார் தெருமுனை திரும்பியதோடு சரி, அதற்கப்புறம் ஒரு பயல் வந்து எட்டிப் பார்க்கவில்லை. பத்து நாளில் இலை சுருண்டுவிட்டது. கடைக்காரர்களான நாங்கள், நட்டவன் தண்ணீர் ஊற்றட்டும் என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சியம்மாள் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிற கங்காணி. விடியும்போது அவருடைய பெண்கள் முப்பது பேராவது எங்கள் தெருவில் ஜீப்புக்காகக் காத்து நிற்பார்கள். ஒருநாள் காலையில் ஜீப்பின் பின்கதவை மறித்து நின்றுகொண்டு அவர் சொன்னார்: "நாளையிலயிருந்து கன்னுக்கு ஒரு செம்பு ஊத்தாதவ எவளும் ஜீப்புல ஏறக் கூடாது."

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், குடிக்கவே இல்லை என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். "குடிக்கிற தண்ணியை ஆரு கேட்டா? அரிசி களைஞ்ச தண்ணியைக் கொண்டா" என்றார். மறுநாள் விடியலில் சோற்றுத் தூக்கு ஒரு கையிலும் செம்பு ஒரு கையிலுமாக வரிசையாக வந்தார்கள். நான் கடைக்குள்ளிருந்து சிரித்தேன். நீரும் சிரித்தீர், எதிர்த்த மளிகைக் கடைக்காரரே, மறந்திருக்க மாட்டீர். நாலைந்து நாள் ஊற்றிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டோம். அவர்கள் ஓயவில்லை. வெள்ளைத் தண்ணீர் குடித்துக் குடித்துக் கன்றுகள் இரண்டு வருஷத்தில் ஆள் உயரம் தாண்டின.

அவர் தப்பே செய்யாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஏலத்தோட்டத்தில் மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கீழ்க்கிளைகளைக் கழித்துவிடுவார்கள், செடிக்கு அளவான வெளிச்சம் இறங்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கைப்பழக்கம் தெருவுக்கும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அரிவாளோடு வந்து, பன்னிரண்டு கன்றுகளையும் உச்சியில் மட்டும் கொத்து வைத்துச் சுத்தமாகக் கழித்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆடி பிறந்ததும் கணவாய் வழியாக இறங்கிய காற்று, தலை கனத்துப்போன அந்தக் கன்றுகளில் நாலை ஒரே நாளில் முறித்துப் போட்டது. கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அவர் முறிந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கவே சொன்னார்: "மலையில மரத்துக்கு மரம் காத்தைப் பங்கு போட்டுக்கிடும். இது ஒத்தையில நிக்குதுன்னு எனக்குத் தோணாமப் போச்சே." அடுத்த ஞாயிறு சிலமலைக்கு நடந்து போய் நாலு புங்கங்கன்று தலையில் சுமந்து வந்து நட்டார். தன் தப்பை இப்படித் தெருவில் வைத்து ஒத்துக்கொண்ட வேறொரு ஆளை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மரங்கள் கடைக்கு மேலே கிளைவிட்டதும் எங்கள் புத்தி வெளியே வந்தது. பெயர்ப்பலகை மறைகிறது, பறவைகள் எச்சமிடுகின்றன, ஆகவே மரங்களை அகற்றித் தரவேண்டும் என்று கடைக்காரர்கள் நகராட்சிக்கு ஒரு மனு எழுதினார்கள். என் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர்தான் தாளை நீட்டினார். வெயிலுக்கு அந்த மரத்தடியில்தான் நான் மத்தியானம் நாற்காலி போட்டு உட்காருவேன். இருந்தும் கையெழுத்துப் போட்டேன். கடையைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். அவ்வளவுதான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

சில வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். பெண்கள் கூடுவதற்குள் தெருக்கோடியில் இரண்டு மரம் சாய்ந்துவிட்டது. யார் சொல்லி வெட்டுகிறீர்கள் என்று பேச்சியம்மாள் கேட்க, மேஸ்திரி மனுவின் நகலைக் காட்டினார். பேச்சியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு தாளோடு நேராக என் கடைக்கு வந்தார். "படிங்க அண்ணே. ஆருன்னு தெரிஞ்சுக்கிடுறோம்."

படித்தேன். காரணங்களைப் படித்தேன். கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். என் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். அவர் தாளை வாங்கி, கையெழுத்துகளின் மேல் விரலை வைத்து மெதுவாக எண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "கையெழுத்து ஒம்பது இருக்கு. நீங்க எட்டுப் பேருதான் சொன்னீக."

நான் மெஷினில் நூல் கோக்கக் குனிந்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. "விட்டுப்போன ஆளு ஆருன்னு நான் கேக்கல. அந்த ஆளு தெனமும் சாயந்தரம் ஒரு செம்பு ஊத்தட்டும். காலையில நாங்க ஊத்துறோம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மரத்துக்கு மூன்று பேராகப் பெண்கள் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஜீப்புகள் அன்று மலை ஏறவில்லை. மத்தியானம்வரை பார்த்துவிட்டு ரம்பக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். ஒருநாள் கூலி போயிற்று, பத்து மரம் நின்றது.

அன்று சாயந்தரம் நான் செம்பை எடுத்தேன். ஜீப்பிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் பேச்சியம்மாள் என் கடைக்கு எதிர்மரத்தின் தூரில் காலால் மண்ணைத் தொட்டு ஈரம் பார்ப்பார். ஏழெட்டு வருஷம் இப்படியே போயிற்று.

சனிக்கிழமை காலையில் கடை திறக்க வந்தால் அதே மரத்தில் ஒரு தட்டி. நாலு ஆணி அறைந்து மாட்டியிருக்கிறார்கள். எந்த மரத்தை வெட்டச் சொன்னார்களோ அந்த மரத்திலேயே அறைந்திருக்கிறார்கள்! ஜீப்புக்கு வந்த பெண்கள் அன்று வேலைக்குப் போக மனசில்லாமல் அதன் கீழே நின்றார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார்கள்.

"மரங்களின் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி" என்று படித்தேன். கீழே கடைக்காரர்களின் பெயர்கள், அதே ஒன்பது பேர். என்னைக் கேட்காமலே கடைசியில் என் பெயரையும் போட்டிருந்தார்கள். இந்த முறை ஒன்பதையும் சத்தமாகப் படித்தேன். அன்றைக்கு மனுவில் இருந்ததும் இதே ஒன்பது பேர்தான், விட்டுப்போன ஆள் நான்தான் என்றும் சொன்னேன்.

பெண்களில் ஒருத்தி தட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்ணே. அக்காதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னாக."

கடையிலிருந்து குறடு எடுத்து வந்து ஆணிகளைப் பிடுங்கினேன். தட்டியைக் கொண்டுபோய் கடைக்காரர் சங்கக் கட்டடத்தின் வாசலில் போட்டேன். யாருக்காவது என்னோடு பேச வேண்டுமென்றால் கடையில்தான் இருப்பேன்.

அவர் நினைவாக என்னிடம் படமோ பொருளோ கிடையாது. எனக்கு அவர் கொடுத்த தண்டனை இருக்கிறது. அதை அவர் ஒருநாளும் நீக்கவில்லை, நீக்க இனி ஆளும் இல்லை. நேற்றுச் சாயந்தரமும் ஒரு செம்பு ஊற்றினேன்.