ஒரு தட்டு என்றால் ஆமாம்

தொண்டையில் புற்றுநோய் என்று சொன்ன அன்றுகூட நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. பயம் மாஸ்க்கில்தான் ஆரம்பித்தது. கதிர்வீச்சு கொடுக்கும்போது தலை அசையாமல் இருக்க, முகத்துக்கும் கழுத்துக்கும் அச்செடுத்துச் செய்த கெட்டியான வலை அது. அதை மாட்டி, படுத்திருக்கும் மேசையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்விடுவார்கள். வாயைத் திறக்க முடியாது. முப்பத்து மூன்று நாள் அப்படிப் படுக்க வேண்டும், நடுவில் ஒருநாளும் விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

செஞ்சி கடைவீதியில் எனக்குப் பாத்திரக் கடை. விடிந்ததும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினால், மத்தியானம் வந்து கடையில் உட்காருவேன். "இன்னா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் தலையாட்டி வைத்தேன். கடைவீதியில் ஒருவரிடம் சொன்னால் நான் கடையைச் சாத்துவதற்குள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடும்.

என் மகள்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். முதல் வாரம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எச்சில் விழுங்க முடியாதவர்களுக்கு எதற்கு ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங்? ஆனால் சேலம் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பெரியவர், சிகிச்சையில் என்னைவிடப் பத்து நாள் முன்னால் போய்க்கொண்டிருந்தவர். எழுத வராது என்பதால் பேசித்தான் அனுப்புவார். "தம்பி, பதினஞ்சு நாள் தாண்டினா உப்பு உறைப்பு ஒண்ணும் தெரியாது. நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சுக்காத. தண்ணிய மட்டும் விடாத."

அவர் சொன்னதெல்லாம் சொன்னபடி பத்து நாள் கழித்து எனக்கு நடந்தது. அதனாலேயே அவர் குரலைக் கேட்கப் பயந்தேன். நாளுக்கு நாள் அது கரகரத்து, உடைந்து, வெறும் காற்றாகிக்கொண்டிருந்தது. எனக்கும் இதுதான் வரப்போகிறது என்று தெரிந்தே காதில் வைத்துக்கொள்வேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் அவரிடமிருந்து போன். எடுத்தால் பேச்சே இல்லை, டங் டங் என்று ஒரு சத்தம். லைன் சரியில்லை என்று இரண்டு முறை கட் செய்துவிட்டேன். அப்புறம்தான் குழுவை நடத்தும் அம்மா எழுதினார்: அவருக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது, டம்ளரில் ஸ்பூனால் தட்டுகிறார், ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. எனக்கே என்மேல் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருஷமாகப் பாத்திரம் விற்கிறவனுக்கு எவர்சில்வர் டம்ளர் சத்தம் தெரியாமல் போய்விட்டது.

எனக்கு இருபத்திரண்டாம் நாள். மாஸ்க்கைப் பூட்டிய கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் சளி கட்டி அடைத்துக்கொண்டது. விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கத்தக் குரல் இல்லை. கையைத் தூக்கினேன். ஓடிவந்து கழற்றிவிட்டார்கள், கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடியும் படுக்கவைத்து முடித்தார்கள். ஆனால் கையைத் தூக்கியதற்கும் கதவு திறந்ததற்கும் நடுவில் நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை எழுந்திருக்கவே இல்லை. "இன்னாங்க, பஸ்ஸுக்கு நேரமாகுதே" என்றாள் என் மனைவி. இனிமேல் போகப்போவதில்லை என்று கையைக் காட்டினேன். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "பயப்படாதீங்க, நானும் கூட வர்றேன்" என்றாள். அவள் வந்தாலும் அந்த அறைக்குள் நான் ஒருவன்தானே படுக்க வேண்டும். கடைசியில் என் போனை எடுத்துக் குழுவில் விஷயத்தைப் பேசி அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்கும் பேசினாள். மத்தியானத்துக்குள் வந்தால் போதும் என்றார்கள். அவளைத் திட்டக்கூட எனக்குக் குரல் இல்லை.

எட்டரை மணிக்கு லாரிக்கார அண்ணன் கூப்பிட்டார். அன்றைக்கு அவருக்கு முப்பத்து மூன்றாவது, கடைசி நாள். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தத்தில் அவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அண்ணே, நான் போவல" என்றேன், இருந்த காற்றை வைத்துக்கொண்டு.

இரண்டு தட்டு.

"உங்களுக்கும் மாஸ்க்குல மூச்சு அடைச்சுதா?"

ஒரு தட்டு.

"இப்ப பழகிடுச்சு இல்ல? பயம் போயிடுச்சுதானே?"

இரண்டு தட்டு.

முப்பத்திரண்டு முறை படுத்து எழுந்த மனிதர். டாக்டர், நர்ஸ், மனைவி, மகள் என்று எல்லோரும் பயப்படாதே என்றுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்.

அங்கே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. போனை அணைக்க அவர் மறந்துவிட்டார் போல. பெஞ்சை விட்டு எழுந்து, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து அவர் உள்ளே நடந்து போவதையும், கதவு சாத்தப்படுவதையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவியிடம் சட்டையை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். பட்டனை ஓட்டை மாற்றி மாற்றிப் போட்டேன். அவள்தான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.