மெதுவாகப் பேசக் கற்ற வருடம்

என் அக்கா இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தாள். பள்ளியில் அவளுக்கு ‘மைக்’ என்று பெயர். வகுப்புக்கு அறுபது பிள்ளைகள். பக்கத்து வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவே ஆளுயரத் தட்டி ஒன்றுதான். அந்தப் பக்கம் வரலாறு நடக்கும், இந்தப் பக்கம் பின்னம் நடக்கும். வரலாற்றுப் பிள்ளைகளும் சேர்ந்து பின்னம் கற்றுக்கொண்டு போகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். அக்காவுக்கு அதில் பெருமைதான். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள் என்பதால் ஏழாம் வகுப்பில் நானே அவளிடம் படித்திருக்கிறேன்.

அத்தான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோதுதான் அவள் வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டாள். கணினியில் நேர்காணல் நடத்தியவர்கள், உங்கள் குரல் ரொம்பத் தெளிவு என்றார்களாம். அதை வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். கல்லூரியில் சேர்ந்திருந்த மகளை அத்தானிடம் விட்டுவிட்டு, நாற்பத்து நான்கு வயதில் முதல்முறையாக விமானம் ஏறினாள்.

அங்கே நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு. ஓர் அறை அக்காவுக்கு. இன்னொன்று, நம் பக்கத்திலிருந்தே போயிருந்த அறிவியல் டீச்சருக்கு. பள்ளியில் தரை முழுக்கக் கம்பளம். வகுப்பில் பத்தொன்பதே பிள்ளைகள். முதல் நாள் வழக்கம்போலப் பாடத்தைத் தொடங்கினாள். முன்வரிசைப் பெண் நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்தினாள். பலகை மறைக்கிறது போலும் என்று அக்கா ஓரமாக ஒதுங்கிக்கொண்டாளாம்.

மூன்றாவது வாரம் தலைமை ஆசிரியை கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். பிள்ளைகளைப் பார்த்துக் கத்துகிறார் என்று நான்கு பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அறிவியல் டீச்சரிடம் புலம்பினாள்.

“நான் யாரையும் திட்டவே இல்லையே! ஒரு பிள்ளையக்கூட முறைக்கல. பெருக்கல்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“தெரியும் டீச்சர். ஆனா இங்க இந்தச் சத்தத்துல பேசினா கோபம்னுதான் அர்த்தம்.”

“அப்ப எப்படித்தான் பேசணும்?”

“இப்ப என்கிட்ட பேசுறதுல பாதி.”

பள்ளி ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியில் சத்தத்தை அளப்பார். அளவு தாண்டினால் விரலைத் தூக்குவார். அந்த விரலையே பார்த்துக்கொண்டு அக்கா பாடம் நடத்தினாள். விரலைப் பார்த்தால் கணக்கு ஓடவில்லை. இத்தனை வருடமும் குரலின் ஓட்டத்திலேயே வரிகள் வந்து விழுந்திருக்கின்றன. குரலை இறக்கியதும் அடுத்த வரி என்ன என்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் பின்னக் கழித்தலில் பகுதியைச் சமப்படுத்த மறந்துவிட்டாள். ஒரு பிள்ளை எழுந்து திருத்த, வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அவள் எழுதும் ஒவ்வொரு வரியிலும் பிழை தேடுவது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது.

சத்தம் போட்டு அடக்கக் கூடாது. கையைத் தூக்கிக்கொண்டு, வகுப்பு தானாக அடங்கும்வரை பேசாமல் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சில நாள் பத்து நிமிடம் நிற்பாள்.

“பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரி நிக்கிறேன்டி. எந்த பஸ்ஸும் நிக்க மாட்டேங்குது” என்றாள் என்னிடம் போனில். அங்கிருந்து அவள் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

வீட்டுக்குப் பேசும்போதும் குரல் இறங்கிவிட்டிருந்தது. “கேக்கலைம்மா, சத்தமாப் பேசு” என்பார் அத்தான். “பக்கத்து வீட்டுக்குக் கேக்குங்க” என்பாள். கொஞ்ச நாளில் மகள், “மெசேஜ் போட்டுடும்மா, போதும்” என்றுவிட்டாள்.

அங்கே அவளிடம் பிரியமாக இருந்த ஒரே உள்ளூர்க்காரர் பக்கத்து வகுப்பு டீச்சர். வயதில் மூத்தவர். மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். வருடம் முடியும் சமயத்தில் அவர் பாராட்டாகத்தான் ஒன்று சொன்னார். நீங்கள் எவ்வளவோ மாறிவிட்டீர்கள், வந்த புதிதில் உங்கள் குரல் சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம், ஊரில் உங்களிடம் படித்த பிள்ளைகளை நினைத்துப் பாவமாக இருக்கும் என்றார்.

அக்கா சிரித்து மழுப்பிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். போகிற வழியிலேயே ஊரில் மூன்றாம் வரிசையில் உட்காரும் ஒரு பெண் நினைவுக்கு வந்தாளாம். பலகைக்குக் கூப்பிட்ட இரண்டு முறையும் பாவாடையை நனைத்துக்கொண்டவள். உடம்பு சரியில்லை என்று நினைத்து, துணைக்கு ஆள் சேர்த்து வீட்டுக்கு அனுப்பி, அவள் அம்மாவை வரவழைத்து டாக்டரிடம் காட்டச் சொன்னதும் அக்காதான். அதைத் தான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகவே இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த முகத்தைத் தொடர்ந்து மற்ற முகங்கள் வந்தன. விடை தெரிந்தும் வாய் திறக்காதவர்கள். எழுந்து நின்றதும் எச்சில் விழுங்கியவர்கள்.

அவள் வகுப்பின் மதிப்பெண் குறைந்திருந்தது. பள்ளி ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

திரும்பி வந்த முதல் வாரத்தில், சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்.

“நீயும் என் க்ளாஸ்ல இருந்தியே. உண்மையச் சொல்லு. பயமா இருந்துச்சா?”

கணக்குப் பீரியட் மணி அடித்தாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். நம் அக்காதானே என்று வகுப்பில் ஒருநாளும் தோன்றியதில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், ஆனால் ஒரு நொடி தாமதித்துவிட்டேன்.

“சேச்சே, அதெல்லாம் இல்லக்கா.”

“சரி விடு.” நறுக்கியதை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள்.

“எல்லாரும் நல்லா பாஸ் பண்ணினோமே” என்றேன். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சில மாதம் கழித்து, பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் வீட்டுக்கே வந்தார். “மைக் இல்லாம ஸ்கூலே வெறிச்சுன்னு கெடக்கு. வந்துடுங்க டீச்சர்” என்றார். அக்கா அவருக்கு டீ கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பினாள். அத்தானுக்குத் தாங்கவில்லை.

“அங்க வேண்டாம்னாங்க, சரி. இங்க வாசல்ல வந்து கூப்பிடுறாங்க. உனக்கு என்னதான் கேடு?”

“மெதுவாப் பேசினா எனக்குப் பாடம் வரலைங்க. சத்தமாப் பேச இனிமே மனசு வரலை. நான் போய் என்ன பண்ணட்டும்?”

அத்தான் காலி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இப்போது கணக்கு நோட்ஸ் போடும் ஒரு பதிப்பகத்தில் விடைகளைச் சரிபார்க்கிறாள். ஜன்னல் இல்லாத அறை, நான்கு மேசை, யாரும் யாருடனும் பேச வேண்டியதில்லை. மூன்று வருடமாகிறது. போன மாதம் நானும் அவளும் கடைத்தெருவில் போகும்போது பழைய மாணவி ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, “டீச்சர்!” என்று ஓடி வந்தாள். என்னென்னவோ பேசினாள். அக்கா அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் போனதும், “நெஜமாவே சந்தோஷமாத்தான் பேசினாளாடி?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா. பாத்தல்ல?”

பை இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் உட்காரணும் என்று மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.