கீழ்வீட்டுக் கப்பல்காரர்

தொண்ணூறுகளின் நடுவில் ஹம்பர்க்கில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு கறுப்பின முதியவர் குடியிருந்தார். மேற்கு ஆபிரிக்காவில் பிறந்தவர், கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. காரணம் என் மனைவி.

நானும் கப்பல்காரன்தான். கொழும்பில் ஏறி வருஷக்கணக்காகச் சரக்குக் கப்பலில் உழைத்தவன். என் புயல் கதையைத் தொடங்கினால் அவளுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதே மனுசி மீன்குழம்போடு கீழே போனால் அந்தாளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டிவரப் போய் நானும் மாட்டிக்கொள்வேன்.

அவர் சொன்னது பெரும்பாலும் தகப்பன் காலத்துக் கதை. தகப்பன் கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டவர். அதே வேலைக்குக் கறுப்பருக்குச் சம்பளம் குறைவு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இந்தத் துறைமுகத்தில் மாலுமிகள் கூடும் இடமொன்று இருந்ததாம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் இருந்து வேலைநிறுத்தம் பற்றிப் பேசுவார்களாம். காலனி அரசுகள் தடைசெய்த பத்திரிகைகளைக் கறுப்பு மாலுமிகள் நிலக்கரிக்குள் ஒளித்து ஆபிரிக்கத் துறைமுகங்களுக்குக் கொண்டு போனார்களாம். பிடிபட்டால் சிறைதான்.

"உங்கட கப்பலில ஒருத்தரும் வேலைநிறுத்தம் செய்யேல்லையோ?" படியேறும்போது மனைவி கேட்டாள்.

"நாங்கள் ஒழுங்கா வேலை செய்தனாங்கள்."

"ஓ" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்கு ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்தில் வேலை. துணிக்குள் இரத்தமும் இருக்கும், சிலநேரம் ஊசியும் கிடக்கும். கையுறை கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். ஒருநாள் அவள் வேலையால் வரும் நேரம் கீழ்க்கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கிழவரின் பெருஞ்சிரிப்பு, கைதட்டல். நான் மேலே தேநீர் ஊற்றி வைத்துக்கொண்டு காய்ந்துகொண்டிருந்தேன்.

வந்தவளின் முகம் பூரித்துக் கிடந்தது. துருக்கிப் பெண்கள், கானாப் பெண்கள், இவள் எல்லோருமாக மெசினை நிறுத்திவிட்டு, கையுறை வராமல் துணியைத் தொடமாட்டோம் என்று நின்றார்களாம். மத்தியானத்துக்குள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதாம்.

எனக்கு வயிறு எரிந்தது. கட்டின புருஷன் மேலே இருக்க, செய்தி முதலில் கீழ்வீட்டுக்குப் போயிருக்கிறது. அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"வேலையால நிப்பாட்டிப் போடுவாங்களோ?"

அவள் தேநீரைக் கையில் எடுத்தாள்.

"இதுக்குத்தான் முதல்ல கீழ போனனான்" என்றாள்.